வீட்டில் கணினிப் பலகை கட்டி இயக்குதல்: மலையக ஆர்வலர்களின் கேள்விகளும் பதில்களும்

எட்டு பிட் செயலி ஒன்றையும் நினைவகச் சிப்புகளையும் சில தருக்கச் சிப்புகளையும் தம் கையால் இணைத்து, இயங்கக்கூடிய சிறிய கணினி ஒன்றை வீட்டு மேசையிலேயே உருவாக்க விரும்பும் மலையகத் தமிழ் வாசகர்களுக்காக இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை ஆகிய இடங்களின் குளிரும் ஈரமும் மின்னலும் பதில்களில் கணக்கில் எடுக்கப்பட்டுள்ளன. பலகை ஏன் உயிர் பெறவில்லை என்ற கேள்வியே மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக வருவதால், அதற்கே இங்கு கூடுதல் இடம் கொடுக்கப்பட்டுள்ளது.

கேள்வி: முழுக் கணினியே சிறிய பலகையாகக் கடையில் கிடைக்கும்போது, இதைக் கட்டுவதில் என்ன பயன்?

ராஸ்பெர்ரி பை போன்ற பலகைகளில் செயலியின் உள்விவகாரங்கள் அனைத்தும் மூடிய சிப்புக்குள் நடக்கின்றன. கையால் கட்டிய பலகையிலோ, செயலி எந்த முகவரியைக் கேட்கிறது, நினைவகம் என்ன பதில் தருகிறது என்பவற்றைக் கம்பி கம்பியாக அளந்து பார்க்கலாம். இந்த ஒரு காரணம் போதாதவர் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது. ஏனெனில் விலையிலும் வேகத்திலும் கடைப் பலகையே எப்போதும் வெல்லும்.

கேள்வி: இசட்80, 6502 ஆகிய இரண்டில் எதைத் தெரிவு செய்வது?

இரண்டும் 40 கால்களும் 16 முகவரிக் கம்பிகளும் கொண்டவை. ஆகவே இரண்டும் 64 கிலோபைட் நினைவக வெளியையே நேரடியாகக் காண்கின்றன. 6502 செயலியை மொஸ் டெக்னோலஜி நிறுவனம் 1975இல் வெளியிட்டது. மற்றைய செயலிகளின் விலை நூற்றுக்கணக்கான டொலர்களில் இருந்த காலத்தில் அது 25 டொலருக்கு விற்கப்பட்டது. ஸ்டீவ் வொஸ்னியாக் 1976இல் ஆப்பிள் 1 பலகையை அதைக் கொண்டே கட்டியதற்கு அந்த விலையும் ஒரு காரணம். ஃபெடெரிக்கோ ஃபஜின் முன்னின்று வடிவமைத்த இசட்80, சைலொக் நிறுவனத்திடமிருந்து 1976இல் வந்தது. சிபி/எம் இயக்கமுறைமையை ஓட்ட விரும்புவோருக்கு அதுவே இயல்பான தெரிவு.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு எமது பரிந்துரை 6502 குடும்பத்தின் டபிள்யூ65சி02எஸ் ஆகும். நாற்பது கால் இசட்80 உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்த சைலொக், இறுதிக் கொள்வனவுக் கட்டளைகளை அவ்வாண்டு ஜூன் நடுப்பகுதியுடன் முடித்துக்கொண்டது. சந்தையில் இன்னும் ஏராளமான இசட்80 சிப்புகள் இருந்தாலும், அவற்றுள் பழையவற்றைத் துடைத்து மீண்டும் பெயர் அச்சிட்டவை கணிசமாக உள்ளன. டபிள்யூ65சி02எஸ் செயலியையோ வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இன்றும் புதிதாக விற்கிறது. ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம்: பழைய 6502 சிப்பின் முதலாம் கால் தரையுடன் இணைக்கப்பட வேண்டியது, ஆனால் டபிள்யூ65சி02எஸ் சிப்பில் அதே கால் ஒரு வெளியீடு. பழைய வரைபடத்தைப் பார்த்துக் கட்டிய பலகையில் புதிய சிப்பைச் செருகினால், அந்த வெளியீடு நேரடியாகத் தரையில் குறுக்கிணையும்.

கேள்வி: உதிரிப்பாகங்களை எங்கே வாங்குவது? போலிச் சிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

தடையிகள், கொள்ளளவிகள், எல்இடி, சோல்டர், கம்பி ஆகியவற்றுக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளே போதும். சோல்டர், அது நன்கு பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் போன்றவை நம் ஊர்க் கைபேசி திருத்தும் கடைகளிலும் கிடைக்கலாம். செயலியும் நினைவகமும் பெரும்பாலும் இணையவழியாகவே வர வேண்டியிருக்கும். அவை வந்து சேரும் காலத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், 100 நானோஃபராட் கொள்ளளவி போன்ற சிறு பொருட்களைத் தேவைக்கு மேலாகவே வாங்கி வையுங்கள். பத்து ரூபாய்ப் பாகம் ஒன்றுக்காகக் கொழும்புக்கு ரயில் ஏறுவது கட்டுப்படியாகாது.

போலியைக் கண்டறிய, சிப்பின் மேற்பரப்பை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கறுப்புப் பூச்சு கழன்று வந்தால் அது மறுஅச்சிடப்பட்டது. மின்னோட்டத்தை அளப்பது இதைவிட உறுதியான வழி. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமோஸ் வகை இசட்80 என்று பெயர் அச்சிடப்பட்ட சிப் சில பத்து மில்லியம்பியருக்குள் அடங்க வேண்டும். அது 100 மில்லியம்பியருக்கு மேல் இழுத்தால், உள்ளே இருப்பது பழைய என்மொஸ் வகையாக இருக்கும். இயங்கும் சிப்பாகவே இருந்தாலும், செயலியை ஓட்டும் கடிகாரத் துடிப்பு மெதுவாக இருக்கும்போது அதை நம்ப முடியாது.

கேள்வி: பிரெட்போர்டில் கட்டுவதா, அச்சிட்ட பலகையில் கட்டுவதா?

சோல்டர் இன்றிக் கம்பிகளைத் துளைகளில் செருகிக் கட்டும் பிரெட்போர்ட் 1 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்குத் தாங்கும், கற்றுக்கொள்ளவும் அதுவே வசதியானது. எனினும் எண்பது தொண்ணூறு கம்பிகளில் ஒன்று தளர்ந்தாலும் பலகை முழுவதும் மௌனமாகிவிடும். தளர்ந்த கம்பி எது என்று தேடுவதிலேயே ஆர்வம் வற்றிப்போனவர்களும் உண்டு. முதலில் பிரெட்போர்டில் செயலியையும் கடிகாரத்தையும் மட்டும் இயக்கிப் பார்த்துவிட்டு, பின்னர் கிகேட் மென்பொருளில் பலகையை வரைந்து, வெளிநாட்டு உற்பத்தியாளரிடம் அச்சிட்டு வாங்குவது நல்ல நடைமுறை. 100 மில்லிமீற்றர் சதுரத்துக்குள் அடங்கும் பலகைக்குப் பல உற்பத்தியாளர்கள் குறைந்த விலை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பனியும் ஈரமும் பலகையைப் பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் பலர் நினைக்கும் வழியில் அல்ல. ஈரக் காற்று மட்டும் ஐந்து வோல்ட்டில் இயங்கும் சுத்தமான பலகையை நிறுத்துவதில்லை. சோல்டர் செய்த பின் எஞ்சும் ஃபிளக்ஸ் ஈரத்தை உறிஞ்சிக் கால்களுக்கிடையே மெல்லிய கசிவுப் பாதையை உருவாக்குவதே உண்மையான தொல்லை. நீரில் கரையும் ஃபிளக்ஸ் என்றால் கட்டாயம் கழுவ வேண்டும். ரோசின் வகையை ஐசோபுரோப்பைல் அற்ககோலும் பழைய பல் தூரிகையும் கொண்டு சுத்தம் செய்யலாம். தகர வேலைக்கும் குழாய் வேலைக்கும் விற்கப்படும் அமில ஃபிளக்ஸை இலத்திரனியல் வேலைக்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள், அது சில மாதங்களில் செப்புத் தடங்களை அரித்துவிடும்.

மலிவான சிப் சொக்கட்டுகளின் தகட்டு முனைகள் காலப்போக்கில் மங்கித் தொடுகையை இழக்கும். நெடுநாள் வைத்திருக்கப்போகும் பலகைக்குக் கடைசல் முனை கொண்ட சொக்கட்டுகளே ஏற்றவை. நன்றாக இயங்கிவந்த பலகை மழைக்காலத்தில் சண்டித்தனம் செய்தால், சிப்புகளை ஒருமுறை கழற்றித் திரும்பச் செருகிப் பாருங்கள். குளிர் காரணமாகச் சோல்டர் சரியாகப் பிடிக்கவில்லை என்ற முறைப்பாட்டைப் பொறுத்தவரை, தரைத்தடம் அகலமாக உள்ள இடங்களில் அது வெப்பத்தை இழுத்துக்கொள்வதே பெரும்பாலும் காரணமாகும். அவ்விடங்களில் சூட்டுக்கோலின் அகன்ற முனையைச் சற்றுக் கூடுதல் நேரம் வைத்தால் போதும். 63/37 ஈயச் சோல்டர் 183 பாகை செல்சியஸில் உருகுவதால், ஈயமற்றதைவிடப் புதியவருக்கு இலகுவானது. வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள், தேநீரை அதே மேசையில் வைக்காதீர்கள்.

கேள்வி: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? மின்னலுக்கு என்ன செய்வது?

தரமான ஐந்து வோல்ட் கைபேசி மின்னேற்றி போதுமானது. வீட்டு மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்னேற்றிகள் அதைச் சமாளித்துக்கொள்ளும். ஒரு விநாடிக்கும் குறைவாக மின்சாரம் போய்வரும்போதுதான் சிக்கல். செயலியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது ரீசெட் சுற்று; தடையியும் கொள்ளளவியும் மட்டும் கொண்ட அச்சுற்றில், அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கொள்ளளவி முழுமையாக வெளியேற்றம் அடையாது. அதனால் செயலி ரீசெட் ஆகாமலேயே குழம்பிய நிலையில் நின்றுவிடும். மின்னழுத்தம் குறைவதைக் கவனித்துத் தானே ரீசெட் தரும் டிஎஸ்1233 போன்ற சிறு சிப் ஒன்றைச் சேர்ப்பது நம் பகுதிக்கு மிகவும் பொருத்தமானது.

பருவப் பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கமானது. வானம் கறுத்தால் மின்னேற்றியை மட்டுமன்றி, பலகையுடன் யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும் மடிக்கணினியின் மின்னேற்றியையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பவர் பேங்கில் இயக்கலாம் என்று எண்ணுபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: முழுவதும் சிமோஸ் சிப்புகளால் ஆன பலகை மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுப்பதால், ஒன்றும் இணைக்கப்படவில்லை என்று கருதிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். இதைப் பலகையின் பழுது என்று எண்ணித் தேட வேண்டியதில்லை.

கேள்வி: முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது என்ன ஒழுங்கைப் பின்பற்றுவது?

எல்லாச் சிப்புகளையும் செருகிவிட்டுச் சுவிட்சைப் போடாதீர்கள். பலகை இயங்காவிட்டால் ஐயத்துக்குரியவை பத்துப் பதினைந்தாக நிற்கும், எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிரூபித்துக்கொண்டு செல்வதே இந்தப் பக்கம் முழுவதும் வலியுறுத்தும் முறை.

சொக்கட்டுகள் வெறுமையாக இருக்கும்போதே, ஐந்து வோல்ட் தடத்துக்கும் தரைக்கும் இடையிலான தடையைப் பல்மானியால் (மல்டிமீட்டர்) அளந்து பாருங்கள். கொள்ளளவிகள் மின்னேறும்வரை எண் மெல்ல உயர்ந்து சென்றால் நல்லது. பூச்சியத்தை ஒட்டியே நின்றால் எங்கோ சோல்டர் பாலம் இருக்கிறது. அடுத்து, 10 ஓம், 5 வாற் தடையி ஒன்றை மின்வழியில் தொடராக வைத்து மின்சாரம் கொடுங்கள். முழுக் குறுக்கிணைப்பு இருந்தாலும் மின்னோட்டம் அரை அம்பியரைத் தாண்டாது, தடையி சூடாவதோடு விபத்து முடிந்துவிடும். இந்நிலையில் ஒவ்வொரு சொக்கட்டிலும் மின்கால்களை அளக்க வேண்டும்: இசட்80இல் 11ஆம் கால் ஐந்து வோல்ட், 29ஆம் கால் தரை; 6502இல் 8ஆம் கால் ஐந்து வோல்ட், 21ஆம் கால் தரை; 28 கால் நினைவகத்தில் 28, 14; பதினான்கு கால் தருக்கச் சிப்பில் 14, 7. சிப்பின் கால்களில் 4.75க்கும் 5.25க்கும் இடைப்பட்ட மின்னழுத்தம் இருக்க வேண்டும்.

பிறகு கடிகார அலையாக்கியை மட்டும் செருகுங்கள். பளிங்கையும் தருக்கச் சிப்பையும் கொண்டு தாமே அலையாக்கி கட்டுவதைவிட, நான்கு கால் உலோகப் பெட்டியாக வரும் ஆயத்த அலையாக்கியை வாங்குவது தலைவலியைக் குறைக்கும். பல்மானியில் அதன் வெளியீடு ஏறத்தாழ 2.5 வோல்ட் காட்டினால் அது பெரும்பாலும் துடிக்கிறது என்று கொள்ளலாம். பூச்சியமோ ஐந்தோ காட்டினால் துடிக்கவில்லை. அதன் பின் ரீசெட் கம்பி: பொத்தானை அழுத்தும்போது தாழ்நிலைக்கும் (பூச்சிய வோல்ட்டை ஒட்டி) விட்டதும் உயர்நிலைக்கும் (ஐந்து வோல்ட்டை ஒட்டி) செல்ல வேண்டும். இசட்80 குறைந்தது 3 கடிகாரச் சுற்றுகளும், 6502 குறைந்தது 2 சுற்றுகளும் தாழ்நிலையில் இருந்தாக வேண்டும்.

செயலியைச் செருகுவதற்கு முன் இறுதியாக, பயன்படுத்தாத உள்ளீடுகள் உயர்நிலையில் கட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இசட்80இல் வெய்ட், இன்ட், என்எம்ஐ, பஸ்ரெக் ஆகியவையும், டபிள்யூ65சி02எஸ் சிப்பில் ஆர்டிவை, ஐஆர்க்யூ, என்எம்ஐ, பிஇ ஆகியவையும் மிதக்க விடப்படக் கூடாதவை. கையை அருகில் கொண்டுசென்றால் பலகை இயங்குகிறது, எடுத்தால் நிற்கிறது என்று யாராவது எழுதினால், இவற்றுள் ஒன்று மிதக்கிறது என்பதே எமது முதல் ஊகம்.

கேள்வி: நொப் சோதனை என்றால் என்ன?

நினைவகம் எதுவும் இல்லாமலேயே செயலி உயிருடன் இருக்கிறதா என்று அறியும் வழி அது. எதையும் செய்யாமல் அடுத்த முகவரிக்குச் செல்லும்படி பணிக்கும் கட்டளைக்கே நொப் என்று பெயர். இசட்80க்கு அதன் குறியீடு 0. எனவே எட்டுத் தரவுக் கம்பிகளையும் தனித்தனியே 4.7 கிலோஓம் தடையிகளால் தரைக்குக் கட்டினால், எந்த முகவரியைப் படித்தாலும் செயலிக்கு நொப் மட்டுமே கிடைக்கும். 6502க்கு நொப்பின் குறியீடு 234, அதாவது இருமத்தில் 11101010. அதற்கேற்பச் சில கம்பிகளை ஐந்து வோல்ட்டுக்கும் சிலவற்றைத் தரைக்கும் கட்ட வேண்டும். செயலி 65,535 வரை முகவரிகளை எண்ணிச் சென்று, பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கும். மிக உயர்ந்த முகவரிக் கம்பியாகிய ஏ15இல், 2.2 கிலோஓம் தடையியுடன் ஓர் எல்இடியை இணைத்தால் அது மினுங்குவதைக் காணலாம்.

எவ்வளவு வேகமாக மினுங்கும் என்பதையும் கணித்துச் சரிபார்க்கலாம். இசட்80க்கு நொப் ஒன்று 4 கடிகாரச் சுற்றுகள் எடுக்கும். 4 மெகாஹேர்ட்ஸில் எல்லா முகவரிகளையும் ஒருமுறை எண்ணி முடிக்க ஏறத்தாழ 65.5 மில்லிவிநாடிகள் ஆகையால், ஒளி விநாடிக்கு 15 முறை துடிக்கும். 7.3728 மெகாஹேர்ட்ஸில் 28 முறை துடிப்பதால், கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதுபோலவே தெரியக்கூடும். 6502இல் நொப் 2 சுற்றுகள். 1 மெகாஹேர்ட்ஸில் விநாடிக்கு ஏழெட்டு மினுங்கல்கள் தெரியும்.

இசட்80 வைத்திருப்போரைக் குழப்பும் விடயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டளையையும் எடுத்த பின், அச்செயலி அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய டைனமிக் வகை நினைவகத்துக்காக வேறொரு முகவரியை இரண்டு சுற்றுகளுக்கு வெளியிடுகிறது. அப்போது மேல் எட்டுக் கம்பிகள் பூச்சியத்துக்குத் திரும்பும். ஆகவே ஏ8 முதல் ஏ15 வரையான கம்பிகள் உயர்நிலையில் இருப்பது மொத்த நேரத்தில் ஏறத்தாழ கால்பங்குதான். பல்மானி அவற்றில் 2.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.25 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் அது பழுதன்று. எட்டிலும் ஒரே அளவு வர வேண்டும் என்பதே கவனிக்கத்தக்கது. ஒன்று மட்டும் விலகி நின்றால் அக்கம்பி எதனோடோ ஒட்டியிருக்கிறது. அலைகாட்டி இல்லாத ஒருவர் சாதாரணப் பல்மானியைக் கொண்டே இவ்வளவையும் அறிந்துகொள்ள முடிவதால், இச்சோதனையை நாம் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

கேள்வி: நொப் சோதனை வெற்றி, ஆனால் நிரலைச் செருகினால் இயங்கவில்லையே?

முதல் நிரல் இயன்றவரை சிறியதாக இருக்கட்டும். இசட்80 பூச்சிய முகவரியில் தொடங்குவதால், நிரலைத் தாங்கும் நிரந்தர நினைவகம் முகவரி வெளியின் கீழ்ப்பாதியில் இருக்க வேண்டும். அங்கே 195, 0, 0 என்ற மூன்று பைட்டுகளை மட்டும் எழுதுங்கள். பூச்சியத்துக்கே தாவு என்பது அதன் பொருள். இந்நிலையில் ஏ7 முதல் ஏ15 வரையான கம்பிகள் அசையாமல் இருக்க வேண்டும், அவை துடித்தால் நினைவகம் படிக்கப்படவில்லை. 6502 தொடக்க முகவரியை 65,532, 65,533 ஆகிய இடங்களிலிருந்து எடுப்பதால், அதற்கு நிரந்தர நினைவகம் மேற்பாதியில் இருப்பது அவசியம். ஒருவருடைய வரைபடத்தை மற்றச் செயலிக்கு அப்படியே பயன்படுத்த முடியாமைக்கு இதுவே முதற்காரணம்.

அடுத்த நிரலும் துணைநிரல் அழைப்பு இல்லாததாக இருக்கட்டும், ஏனெனில் அழைப்புக்குத் திரும்பும் முகவரியை வைத்திருக்கும் அடுக்கும், அடுக்குக்கு எழுதக்கூடிய நினைவகமும் வேண்டும். ஓர் எல்இடியை ஏற்றி அணைப்பது போதும். அது இயங்கிய பின்னரே 62256 போன்ற எழுதக்கூடிய நினைவகத்தைச் செருகிச் சோதியுங்கள். 6502 பலகையில் எழுதிய தரவு தானாக மாறிப்போகிறது என்றால், எழுதும் சைகை கடிகாரத்தின் உயர்பகுதியில் மட்டும் செல்லுமாறு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் முகவரி மாறும் இடைவெளியில் தவறான இடத்தில் எழுதப்படும்.

கேள்வி: 74எல்எஸ், 74எச்சி, 74எச்சிடி வகைகளைக் கலக்கலாமா?

இவை தருக்கச் சிப்புகளின் வெவ்வேறு குடும்பங்கள். 74எச்சி உள்ளீடு ஐந்து வோல்ட்டில் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே அதை உயர்நிலை என்று உறுதியாக ஏற்கும், 74எல்எஸ் வெளியீடோ 2.7 வோல்ட் வரை மட்டுமே உத்தரவாதம் தருகிறது. ஆகவே எல்எஸ் முன்னும் எச்சி பின்னும் வரக் கூடாது. 2 வோல்ட்டையே உயர்நிலையாக ஏற்கும் எச்சிடி அந்த இடத்துக்குப் பொருந்தும்.

கேள்வி: மடிக்கணினித் திரையில் குப்பை எழுத்துகள் வருகின்றன.

பலகை தொடர்நிலை இணைப்பு வழியாக, அதாவது ஒரே கம்பியில் பிட் பிட்டாக, மடிக்கணினிக்கு அனுப்பும் எழுத்துகள் ஏதேனும் வருவதே பாதி வெற்றி. வேகத்தைச் சரிபாருங்கள்: 7.3728 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தை 64ஆல் வகுத்தால் விநாடிக்குச் சரியாக 115,200 பிட்டுகள் கிடைக்கும். கையில் இருக்கிறதே என்று 8 மெகாஹேர்ட்ஸ் அலையாக்கியைப் போட்டால் 125,000 ஆகும். எட்டு சதவீதத்துக்கும் மேற்பட்ட அந்த விலகலைத் தொடர்நிலை இணைப்பு பொறுத்துக்கொள்ளாது. ஒன்றுமே வராவிட்டால், அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காக இணைந்துள்ளனவா, தரை பொதுவாக உள்ளதா, தொடர்நிலை இணைப்புக்கு 68பி50 சிப்பைப் பயன்படுத்தியிருந்தால் அதன் சிடிஎஸ், டிசிடி கால்கள் தாழ்நிலையில் உள்ளனவா என்று பாருங்கள். பழைய கணினிகளின் ஒன்பது முனை ஆர்எஸ்-232 இணைப்பியைப் பலகையில் நேரடியாகத் தொடுக்காதீர்கள். அதில் எதிர் மின்னழுத்தமும் வரும் என்பதால், இடையில் மேக்ஸ்232 போன்ற சிப் தேவை. பலகையின் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் எல்இடி மங்கலாக எரிந்தால், மடிக்கணினியுடன் இணைக்கும் யுஎஸ்பி மாற்றியின் தரவுக் கம்பி வழியாக மின்சாரம் புகுகிறது. ரீசெட் சரியாக நடக்க, அதையும் கழற்றிவிட்டே மீண்டும் தொடங்க வேண்டும்.

கேள்வி: இப்படிப்பட்ட கணினியில் தமிழ் எழுத்தைக் காட்ட முடியுமா?

மடிக்கணினியின் முனைய மென்பொருளைத் திரையாகப் பயன்படுத்தினால் எளிதாக முடியும், ஏனெனில் எழுத்தை வரைவது மடிக்கணினி, உங்கள் பலகை பைட்டுகளை மட்டும் அனுப்புகிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். "வணக்கம்" என்ற சொல்லில் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள் இருப்பதால், நினைவகத்தில் 21 பைட்டுகள் எடுக்கும். இணைப்பை 8 தரவு பிட்டுகளுக்கு அமைத்திருக்க வேண்டும். இத்தகைய பலகைகளை இயக்கும் பழைய கண்காணிப்பு (மொனிட்டர்) நிரல்கள் சில எட்டாவது பிட்டை வெட்டிவிடுவதால், எழுத்துகளை அனுப்பும் துணைநிரலில் 127 என்ற எண்ணுடன் 'அன்ட்' செய்யும் கட்டளை இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.